தேங்காய்த்திட்டு சர்வரில் மிஞ்சிய பதினொரு பெயர்

சனி, ஜூலை 11

காலையிலேயே வெயில் சுள்ளென்று. உப்பளம் ஏரியாவில் உள்ள ஆபீஸில் நாங்கள் உட்காரும் பக்கத்து ஏ.சி. மண்டையைப் போட்டுவிட்டது. சர்வர் அறை ஏ.சி. மட்டும் ஜம்மென்று ஓடுகிறது. எங்களைவிட அதற்கு மரியாதை.

இன்றைய வேலை:
– தேங்காய்த்திட்டு (இனி தே.தி.) பிளான்ட் சர்வர். சர்வீஸிலிருந்து வந்தாயிற்று. திரும்ப இணைக்க வேண்டும்.
– கேட்டில் கார்டு மிஷின் பார்க்க வேண்டும்.
– தங்கச்சி வீட்டுச் சீர்த்தட்டு ஏழா, ஒன்பதா? கேட்க.
– போன் ரீசார்ஜ்.

டிசம்பர் மழையில் தே.தி.யில் இடுப்பளவு தண்ணீர். இறால் பிளான்ட்டையே மூடினார்கள். சர்வரைத் தரைத்தளத்தில் வைக்காதீர்கள், மாடிக்கு ஏற்றுங்கள் என்று மூன்று தடவை மெயில் போட்டிருந்தேன். மூன்றுக்கும் பதில் இல்லை. ஏழு மாதம் கழித்துப் போன வாரம்தான் பிளான்ட் திறந்தது, காண்டிராக்டர் கொண்டுவந்த புது ஆட்களோடு. புதன்கிழமை நம்மிடம் இறால் வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனியின் இன்ஸ்பெக்ஷன். அதற்குள் எல்லாம் பக்காவாக இருக்க வேண்டுமாம்.

மேனேஜர் அந்துவான் சார் (அ.சார்) பத்து மணிக்கே மேசைக்கு வந்து நின்றார்.

"ஆன் பண்ணா போதாதா குணா? அது இன்னா குழந்தையா, எழுப்பி குளிப்பாட்டி சோறு ஊட்டணும்ங்கிற?"

விளக்கினேன். உப்பளத்தில் ஒரு சர்வர், தே.தி.யில் ஒரு சர்வர். இரண்டிலும் ஒரே ஆள் பட்டியல். லாகின், கேட் கார்டு, ஷிஃப்ட் மெஸேஜ் எல்லாம் அந்தப் பட்டியலைப் பார்த்துத்தான் நடக்கும். ஒன்றில் பெயர் சேர்த்தால் மற்றதற்கும் போய்ச் சேரும். அழித்தாலும் அப்படித்தான். யாரையாவது அழித்தால், "இவர் போய்விட்டார்" என்று ஒரு குறிப்பை உப்பளம் ஆறு மாதம் வைத்திருக்கும். பிறகு அந்தக் குறிப்பையும் தூக்கிப் போட்டுவிடும். தே.தி. படுத்திருந்தது ஏழு மாதம். அப்படியே இணைத்தால் பழைய பட்டியலோடு எழுந்து வரும். இங்கே அழித்த பெயர்கள் அதில் இருந்தால், புது ஆள் என்று நினைத்து உப்பளமும் சேர்த்துக்கொள்ளும். ஆகவே முதலில் துடைத்து, உப்பளத்திலிருந்து முழுதாக நகல் எடுக்க வேண்டும். இரண்டுக்கும் நடுவில் ஓடும் அந்தச் சவலை நெட் லைனில் முழுதாக ஒரு பகல் பிடிக்கும்.

"பொன், பொன்" என்றார். அவர் அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். மகனுக்கு மிஞ்சியது இந்த ஒரு பிரெஞ்சுச் சொல், தங்கம் இல்லை. சரி என்றும் அர்த்தம், போதும் வாயை மூடு என்றும் அர்த்தம்.

2 மணி. தே.தி. போய்ச் சேர்ந்தேன். தங்கச்சி போன்.

"அண்ணே, இன்னும் கெளம்பலியா? நாளைக்கி காத்தால ஆறு மணிக்கி காது குத்துறோம். மாமன் மடி இல்லாம புள்ளய யாரு மடியில குந்த வெக்கிறது? ஒன் சர்வர் மடியிலயா?"

பாகூர் தாண்டிப் போக வேண்டும். குலதெய்வம் கோயில். தட்டு இன்னும் வாங்கவில்லை.

துடைக்கவில்லை. அப்படியே இணைத்துவிட்டேன். இரண்டு பக்கமும் பச்சை விளக்கு. திங்கட்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று கிளம்பிவிட்டேன். இதே விதியை இரண்டு டிரெயினிக்குப் போர்டில் எழுதிப் பாடம் எடுத்தவன் நான்.

தட்டு ஒன்பது.

ஞாயிறு, ஜூலை 12

பிள்ளை மடியிலிருந்து துள்ளிக் கத்தி என் கையைக் கடித்துவிட்டது. பல் நான்குதான், ஆனாலும் தடம் இருக்கிறது. சாப்பாடு நன்றாக இருந்தது. வீடு திரும்ப நான்கு மணி.

6.20க்குப் புது நம்பரிலிருந்து போன். ஒரு பெண் குரல்.

"கம்பெனி கம்ப்யூட்டர் சாருங்களா? நான் ஏழுமலை வூட்டுக்காரி பேசுறேங்க. அவரு போனுக்கு மெஸேஜ் வந்துருக்கு. நாளைக்கி காத்தால ஆறு மணி ஷிஃப்டுன்னு."

ஏழுமலை. ஐஸ் பிளான்ட் ஆள். மாசியில் மாரடைப்பு. சாவுக்குப் போய் மாலை போட்டுவிட்டு வந்தேன்.

"அவரு இல்லன்னு ஒங்களுக்கு தெரியாதுங்களா?" சண்டை போடுகிற குரல் இல்லை. உண்மையிலேயே கேட்டாள்.

"தப்பா வந்துருச்சும்மா. மன்னிச்சிக்குங்க."

"செரி. புள்ளைங்க அந்த போன வெச்சிதான் வெளையாடுதுங்க. அதான் கேட்டேன்."

லேப்டாப்பைத் திறந்து பார்த்தேன். வெள்ளிக்கிழமை பட்டியலில் 140 பேர். இன்று 151. ஞாயிறு மாலை ஆறு மணிக்கு, பட்டியலில் உள்ள எல்லாருக்கும் ஷிஃப்ட் மெஸேஜ் தானாகப் போகும். பதினொரு பேருக்கும் போய்விட்டது.

தே.தி. பிளான்ட்டின் பழைய ஆட்கள். யார் யார் என்று பார்க்கவே தேவையில்லை. மனப்பாடம். டிசம்பரில் தண்ணீர் வடிந்த வாரம் பிளான்ட் வாசலில் அ.சார் அவர்களிடம் சொன்னது: "கார்டை வெச்சிக்குங்க. தொறந்ததும் மொத மெஸேஜ் ஒங்களுக்குதான்." மறுநாள் என்னிடம் சொன்னது: "எடுத்துடு குணா. பட்டியல்ல இருந்தா நாளைக்கி கேள்வி வரும்." டீ ஆறுவதற்குள் பதினொன்றையும் எடுத்தேன். அப்போது தே.தி. சர்வர் தண்ணீர் புகுந்து படுத்துக் கிடந்தது, அதற்குச் செய்தி போகவில்லை. சொன்ன சொல்லைக் காப்பாற்றியது அந்த சர்வர் ஒன்றுதான்.

வீட்டிலிருந்து பார்க்க முடியும், கை வைக்க முடியாது. கை வைக்க உப்பளம் மேசையில் உட்கார வேண்டும். அந்தக் கட்டுப்பாட்டைப் போட்டவனும் நான்தான். ஆபீஸ் சாவி வேறு அ.சார் கையில்.

அ.சாருக்குப் போன் செய்தேன். "விடு. ஏழு மாசம் கழிச்சி யாரு வரப்போறா? காத்தால எடுத்துடு."

மீதிப் பத்துப் பேரையும் கூப்பிட்டு, வராதீர்கள் என்று சொல்லியிருக்க வேண்டும். நம்பர் எல்லாம் திரையிலேயே இருக்கிறது. இரண்டு பேரைக் கூப்பிட்டேன். ஒருவர் திருப்பூர் போய்விட்டார். இன்னொருவர் கெட்ட வார்த்தை சொல்லிவிட்டு வைத்துவிட்டார். அதற்குமேல் கூப்பிடவில்லை. கை வலி என்று எழுதலாம். பொய். வெட்கம்.

திங்கள், ஜூலை 13

புழுக்கம். உப்பளம் 9 மணி.

கேட் பதிவு: 5.47, அஞ்சலை. பதினொன்றில் வேறு யாரும் வரவில்லை.

உடனே பைக்கை எடுத்துக்கொண்டு தே.தி. போனேன். துறைமுகத்தில் மீன் ஏலம் முடிந்து கூடை கழுவிக்கொண்டிருந்தார்கள். உள்ளே ரகம் பிரிக்கும் மேசையில் அஞ்சலை அக்கா, தலையில் உறை, கையில் உறை, காலில் பழைய பூட்ஸ். ஒன்பது வருடம் நின்ற அதே இடம். இறாலைக் கையில் எடுத்த கணமே ரகம் சொல்லிவிடுகிற ஆள். பக்கத்தில் புதுப் பெண்கள் நாலைந்து பேர், ஒவ்வொன்றையும் எடுத்து அவள் முகத்தைப் பார்க்கிறார்கள்.

"தம்பீ! நீதான் பேர சேத்தியா?"

"சிஸ்டத்துல வந்துச்சிக்கா."

"யாரு மூலமா வந்தா இன்னா. நேத்து மெஸேஜ் பாத்ததும் கையும் ஓடல காலும் ஓடல. கதிர்காமத்துல ஒரு மெஸ்ஸுல பாத்திரம் கழுவிட்டு இருந்தேன். பசங்க தங்கி படிக்கிற எடம். நேத்தே அந்தம்மாகிட்ட சொல்லிட்டேன், எங்க கம்பெனி கூப்ட்டுச்சி, இனிமே வரமாட்டேன்னு. மொகத்த தூக்கி வெச்சிகிச்சி. போவட்டும்."

"சொல்லிட்டீங்களா?"

"பின்ன? ரெண்டு எடத்துலயும் காலு வெக்க முடியுமா?"

சொல்ல வேண்டியதைச் சொல்ல வாய் திறந்தேன். சூப்பர்வைசர் நடுவில் வந்து, "சார், அக்கா வந்ததும்தான் சார் லைனே ஓடுது" என்றார். சொல்லாமலே பைக்கை எடுத்தேன்.

மதியம். தே.தி. சர்வரின் இணைப்பைப் பிரித்தேன். உப்பளத்தில் ஒவ்வொரு பெயராக அழிக்க உட்கார்ந்தேன். "நிச்சயமாக அழிக்கவா?" என்று ஒவ்வொன்றுக்கும் கேட்கும். ஏழுமலைக்கும் கேட்டது.

பத்துப் பெயர் அழித்தேன். பதினொன்றாவதைத் தொடவில்லை.

அ.சார் 4 மணிக்கு: "எல்லாம் எடுத்தாச்சா?"

"எடுத்தாச்சு சார்."

என்னை நிமிர்ந்து பார்த்தார். "பொன்."

இந்தக் கம்பெனியில் நான் சொன்ன முதல் உருப்படியான பொய். அல்லது அப்படி நினைத்துக்கொண்டேன்.

செவ்வாய், ஜூலை 14

பிரெஞ்சுக்காரர் தேசிய நாள். கடற்கரைப் பக்கம் பேண்டு சத்தம், மூவர்ணக் கொடி ஒன்றல்ல, இரண்டு: நம்முடையதும் அவர்களுடையதும். அ.சார் கோட்டு போட்டுக்கொண்டு எங்கோ போய்விட்டு மதியம்தான் வந்தார். வாயில் வாசனைப் பாக்கு.

தே.தி. சர்வரைத் துடைத்தாயிற்று. நகல் நேற்று இரவு முதல் ஓடுகிறது. 31 சதவீதம். லைன் அறுந்தது. முதலிலிருந்து. சனிக்கிழமையே செய்திருக்க வேண்டிய வேலை. அன்று ஒரு நாள் மிச்சம் பிடித்தேன்.

யோசித்துப் பார்த்தேன். ஒரு பெயர். காண்டிராக்டர் ஆட்களுக்கு நடுவில் ஒரு பெயர். யாரும் கவனிக்காமல் ஒரு மாதம் ஓடினால் பழகிவிடும். இருக்கிற ஆளை ஏன் இருக்கிறாய் என்று இந்த ஊரில் யாரும் கேட்பதில்லை. சூப்பர்வைசர் விடமாட்டார். இப்படியெல்லாம். கணக்குப் போட்டுக்கொண்டே மதியச் சாப்பாட்டை மறந்துவிட்டேன்.

5.10. நகல் முடிந்தது. உப். 141, தே.தி. 141. நூற்று நாற்பத்தொன்று சரியான எண் இல்லை என்று தெரிந்தவன் நான் ஒருவன்தான். மனதுக்கு நன்றாக இருந்தது. எழுதவே கூச்சமாக இருக்கிறது.

வீட்டில் குழம்பு காரம். சண்டை போட்டேன். காரணம் குழம்பு இல்லை, எதுவுமில்லை.

புதன், ஜூலை 15

இன்ஸ்பெக்ஷன். மேகம். தூறல் விழும் போல் போக்குக் காட்டிவிட்டுப் போய்விட்டது.

ஆய்வுக்குச் சென்னையிலிருந்து ஓர் அம்மாள். மூக்குக்கண்ணாடி, கையில் நோட்டு, தமிழில்தான் பேசினார். முதலில் ஆள் பட்டியல் கேட்டார். பிரிண்ட் எடுத்துக் கொடுத்தேன். அடுத்து, "அஞ்சு வருஷத்துக்கு மேல வேலை செய்யற லேபர் ஒருத்தர்கிட்ட தனியா பேசணும்" என்றார்.

நான் ஒளித்து வைத்த ஒருத்தியைத் தவிர அப்படி யாரும் இல்லை. எல்லாம் போன வாரம் வந்த ஆட்கள்.

அ.சார் அசையவில்லை. "இருக்காங்களே மேடம்! அஞ்சலைய வரச்சொல்லு குணா."

பெயர் சொல்லி.

தனியாகப் பேச வேண்டும் என்றாலும், நடுவில் இருந்தது ஒரு பிளைவுட் தடுப்பு. பிரிண்டர் இந்தப் பக்கம், நான் பிரிண்டர் பக்கம்.

"எத்தனை வருஷமா இருக்கீங்க?"

"ஒம்போது வருசம் முடிஞ்சிடிச்சிமா."

"நடுவுல வேலையை விட்டு நிறுத்தினாங்களா?"

"மழையில தண்ணி வந்து மூடுனாங்க. அது யாரு தப்பு? தொறந்ததும் கூப்ட்டாங்க. சொன்ன மாதிரியே மொத மெஸேஜ் எனக்குதான் வந்துச்சி."

"உங்களோட இருந்த மத்தவங்க?"

"வருவாங்கம்மா. ஒவ்வொருத்தரா கூப்புடுவாங்க."

நோட்டில் பேனா ஓடும் சத்தம் கேட்டது. அவள் பொய் சொல்லவில்லை. அவளுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அதனால்தான் அ.சார் அவளைக் கூப்பிட்டிருக்கிறார்.

4 மணிக்கு அம்மாள் கார் ஏறினார். முழு திருப்தி. அ.சார் எல்லாருக்கும் கேக் வாங்கிக் கொடுத்தார், ஆளுக்கு ஒரு துண்டு. அஞ்சலை அக்கா தன் துண்டைக் காகிதத்தில் மடித்து இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

5 மணிக்கு அ.சார் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"இப்ப எடுத்துடு குணா."

"சார்?"

"திங்கக்கெழம காத்தாலயே கேட் ரிப்போர்ட் பாத்துட்டேன். நீ எடுக்கலன்னும் தெரியும். புதன் வரைக்கும் இருக்கட்டும்னு நான்தான் விட்டேன். நல்லதுக்குதான் ஆச்சி."

"அவங்க இருந்த வேலைய விட்டுட்டு வந்துட்டாங்க சார். சூப்பர்வைசரும் ஆள் வேணும்ங்கிறார்."

"ஒருத்தர வெச்சா மிச்சம் இருக்குறவங்களும் கேட்டுல வந்து நிப்பாங்க. அவங்கள நானா வேலைய விடச் சொன்னேன்? மெஸேஜ் போக வுட்டது யாரு?"

சட்டையில் ஒட்டியிருந்த கேக் துணுக்கைத் தட்டிவிட்டார்.

"ஆகஸ்ட்ல ஒன் கான்ட்ராக்ட் ரினியூவலும் வருது இல்ல?" சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

நான் ஒளித்து வைத்தேன் என்று நினைத்ததெல்லாம் அவர் மேசை டிராயருக்குள்தான். எனக்கு இரண்டு நாள் பெருமை வேறு.

5.35. "நிச்சயமாக அழிக்கவா?" ஆம். நான்கே விநாடியில் தே.தி.யிலும் போய்விட்டது. இந்த லைன் இவ்வளவு வேகமாக ஓடி நான் பார்த்ததில்லை.

உப். 140. தே.தி. 140.

அவளுக்குப் போன் செய்யவில்லை. மறுபடியும்.

வியாழன், ஜூலை 16

5.50க்குக் கேட்டில் சிவப்பு விளக்கு. மூன்று தடவை கார்டு வைத்திருக்கிறாள். பதிவில் மூன்றும் இருக்கிறது: நிராகரிப்பு, நிராகரிப்பு, நிராகரிப்பு.

8 மணிக்கு அவளே போன் செய்தாள்.

"தம்பி, கார்டு வேல செய்யல. அந்துவான் சாருக்கு அடிச்சேன். மிஷின்ல ஏதோ தப்பாம். குணாகிட்ட சொல்லியிருக்கேன், சரி பண்ணிடுவான், அதுவரைக்கும் வூட்டுல இருன்னாரு. எப்ப சரியாவும்?"

"பாக்குறேன்கா."

பார்க்கிறேனாம். எதைப் பார்ப்பது? இப்போது இரண்டு சர்வரும் ஓர் எழுத்துக்கூடப் பிசகாமல் ஒத்துப்போகின்றன. பதிவுகளில் ஒரு பிழை கிடையாது.

மேலிடத்திலிருந்து மெயில். சர்வரைச் சீக்கிரம் சரிசெய்ததற்குப் பாராட்டு. அ.சார் பெயர் முதலில், என் பெயர் இரண்டாவது. எழுத்துப் பிழையோடு.

மோட்டார் ரிப்பேர். மாடித் தொட்டியில் தண்ணீர் இல்லை. பிளம்பர் நாளை வருவானாம்.

வெள்ளி, ஜூலை 17

6.10க்கு தே.தி. கேட் செக்யூரிட்டி போன்.

"சார், அந்தம்மா காத்தாலயே வந்து பூட்ஸ் பைய மடியில வெச்சிக்கினு குந்தியிருக்கு. நீங்க வந்து சரி பண்ற வரைக்கும் இங்கியே இருக்குறேங்குது. போவச் சொன்னா மொறைக்குது."

பல் தேய்த்த வாயோடு கிளம்பினேன். லீவு என்று அ.சாருக்கு ஒரு வரி அனுப்பினேன். காரணம் எழுதவில்லை.

கேட் எதிரே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்தேன். வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்ததைச் சொன்னேன்.

"மிஷின்ல தப்பு இல்லக்கா. டிசம்பர்ல ஒங்க பேர எடுத்தது நான். பழைய சர்வர சரியா துடைக்காம வெச்சதால ஒங்க பேரு திரும்ப வந்துச்சி. மெஸேஜ் அதனால வந்தது. கம்பெனி கூப்புடல. முந்தா நாளு திரும்ப எடுத்ததும் நான்தான்."

டீ கிளாஸைப் பெஞ்சில் வைத்தாள்.

"அப்ப அந்த சென்னை அம்மாகிட்ட நான் பேசுனது?"

"அதுக்குதான்கா புதன் வரைக்கும் வெச்சிருந்தாங்க."

"என் வாயாலயே சொல்ல வெச்சிட்டீங்க."

வெச்சிட்டாங்க என்று சொல்லவில்லை. வெச்சிட்டீங்க.

அடிப்பாள், கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். எழுந்தாள். பூட்ஸ் பையைக் கக்கத்தில் இடுக்கினாள்.

"வண்டி இருக்குல்ல? கதிர்காமம் போலாம் வா. அந்த மெஸ்ஸுக்காரம்மாகிட்ட நீ வந்து சொல்லு, கம்பெனி மிஷின் தப்பா அனுப்பிடிச்சின்னு. நான் சொன்னா நம்பாது. படிச்ச ஆளு நீ சொன்னா நம்பும்."

"மிஷின் தப்பு இல்லக்கா..."

"தெரியிது. அத எனக்கு சொல்லிட்ட இல்ல? அவங்களுக்கு மிஷின்னே சொல்லு."

பைக்கில் ஏறினோம். இந்திரா காந்தி சிலை சிக்னலில், "பாத்து ஓட்டு" என்றாள்.

மெஸ் ஆஸ்பத்திரிப் பக்கம் ஒரு சந்தில். பின்கட்டில் உட்காரச் சொன்னார்கள். மெஸ்ஸுக்காரம்மாள் கரண்டியோடு வந்தாள். நான் சொன்னேன். சர்வர், மெஸேஜ், தொழில்நுட்பக் கோளாறு, கம்பெனி சார்பில் வருத்தம். அ.சார் சொல்லியிருந்தால் இதைவிட நன்றாகச் சொல்லியிருப்பார் என்று தோன்றவில்லை. அவ்வளவு சரளமாக வந்தது.

"ஒங்க மிஷின் தப்பு பண்ணா அதுக்கு நான் இன்னாபா பண்றது? திங்கக்கெழமயே ஆள் போட்டாச்சி."

அண்டாக்களுக்கு நடுவில் முக்காலியில் ஓர் அம்மாள், அஞ்சலை அக்கா வயதுதான் இருக்கும், பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். கை நின்றுவிட்டது. கை நிறைய சோப்பு நுரை.

"இவுங்கள நிறுத்தச் சொல்றியா? சொல்லு, நிறுத்துறேன். நாலு நாளுதான் ஆவுது."

நிறுத்துங்கள் என்ற சொல் எனக்குத் தொண்டைவரை வந்துவிட்டது. அதை எழுதாமல் விட்டால் இந்த நோட்டு எதற்கு? வந்துவிட்டது. இத்தனை பெயரை எடுத்த எனக்கு இன்னும் ஒரு பெயர் பெரிதா?

முக்காலியில் இருந்த அம்மாள் என்னைப் பார்க்கவில்லை. அஞ்சலை அக்காவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அக்கா எழுந்து புடவையைத் தட்டிவிட்டுக்கொண்டாள்.

"அந்த பெரிய அண்டா அடிப்பக்கம் ஓட்டைமா. துணி வெச்சி புடி, இல்லன்னா கைய கிழிச்சிடும்" என்று அவளிடம் சொன்னாள். பூட்ஸ் பையை எடுத்துக்கொண்டு வெளியேறினாள். சந்து முனைவரை வந்து பார்த்தேன். பஸ் ஸ்டாப்புக்கு நடந்துகொண்டிருந்தாள். வண்டியை எடுத்துக்கொண்டு பின்னால் போய்க் கூப்பிட்டேன். திரும்பவில்லை.